மண்டபம் கேட்டார்கள், பை கொடுத்தோம்: வட கொழும்பில் ஒரு சபையும் ஓர் இளைஞர் அமைப்பும்

எங்கள் ஆலய மண்டபத்தில் பியானோவுக்குப் பின்னால் இன்னமும் 9 புத்தகப் பைகள் கிடக்கின்றன. நீல நிறம், முன்பக்கத்தில் சிரிக்கிற ஒரு கார்ட்டூன் பூனை. 2022 கடைசியில் 40 வாங்கினோம். யாருக்காக வாங்கினோமோ அவர்களில் பலருக்கு அப்போது 16, 17 வயது. பாதிப்பேர் பாடசாலையை விட்டே விலகியிருந்தார்கள். பூனைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு புறக்கோட்டைக்கு மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலைக்குப் போக எந்தப் பையன் சம்மதிப்பான்? 31 பைகள் தம்பி தங்கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மீதி அங்கேயே இருக்கின்றன.

வட கொழும்பில் தமிழில் ஆராதனை நடத்தும் ஒரு புரட்டஸ்தாந்து சபையும், அதே பகுதியில் 14 முதல் 20 வயது வரையான பிள்ளைகளோடு வேலை செய்யும் ஓர் இளைஞர் அமைப்பும் சேர்ந்து செய்த வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. சபையின் பக்கத்தில் தொடர்பாளராக இருந்தவள் நான். சபையின் பெயர், அமைப்பின் பெயர், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய சிறு விவரங்களை ஆங்காங்கே மாற்றியும் இருக்கிறேன். இப்படியொரு வேலையைத் தொடங்க நினைக்கிற வேறு சபைகளுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் எங்களுக்கு வெட்கமான பகுதிகளை ஒளிக்கவில்லை.

ஆலயம் இங்கே, சபையார் எங்கே?

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, புளூமெண்டல், முகத்துவாரம், மட்டக்குளி. துறைமுகத்துக்கும் களனி ஆற்றின் வாய்க்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் இந்தப் பக்கத்தில் கோயில்களுக்குக் குறைவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1757 இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம், சாந்த லூசியா பேராலயம், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், கொச்சிக்கடை அந்தோனியார். வெயில் தாழ்ந்த நேரத்தில் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். இவற்றுக்கு நடுவில்தான் நாங்கள் 'தோட்டம்' என்று சொல்கிற குடியிருப்புகள். தேயிலையும் இல்லை, தென்னையும் இல்லை. ஓர் அறை வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. இப்போது பல குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. தோட்டத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளையை ஒரு கண் பார்த்துக்கொள்வார். மாடியில் கதவைச் சாத்தினால் யார் பார்ப்பது என்று தாய்மார் கேட்கிறார்கள்.

எங்கள் ஆலயம் இந்த நெரிசலுக்குள் இருக்கிறது. சபையார் இல்லை. ஒரு காலத்தில் சுற்றியிருந்த வீதிகளில் குடியிருந்த குடும்பங்கள் மெல்ல மெல்ல வெள்ளவத்தை, தெஹிவளை, வத்தளை என்று போய்விட்டன. ஞாயிறு காலை முற்றம் நிறையக் கார். ஆராதனை முடிந்து, ரோல்ஸும் பிளேன்டீயும் முடிந்து, பதினொன்றரைக்குக் கேட் பூட்டு. அடுத்த ஞாயிறு வரை 200 பேர் உட்காரக்கூடிய மண்டபம் சும்மா கிடக்கும். மதிலுக்கு வெளியே பையன்கள் இரண்டு செங்கல்லை விக்கெட்டாக வைத்து ஒழுங்கைக்குள் கிரிக்கெட் அடிப்பார்கள். பந்து உள்ளே விழுந்தால் கேட்க ஆள் இருக்காது.

2022 வந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அரிசியும் பருப்பும் டின் மீனும் போட்டு உலர் உணவுப் பொதி கொடுக்கத் தொடங்கினோம். எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆலயத்தைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாத ஒரு சபையாக ஆகிவிட்டிருந்தோம். அந்தப் பட்டியலுக்காகத்தான் இளைஞர் அமைப்பைத் தேடிப் போனோம்.

அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. பட்டியல் தந்தார். பொதி கொடுத்து முடிந்தபிறகு, கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளில் மூன்று வரி எழுதி என்னிடம் நீட்டினார். ஒன்று, கிழமை நாட்களில் மாலை நாலரை முதல் ஏழு வரை மண்டபம். இரண்டு, சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். மூன்று, 'போம் நிரப்பத் தெரிந்த ஆள்', அதாவது அரசாங்கப் படிவங்கள்.

மூன்றாவதைப் பார்த்துச் செயற்குழுவில் சிரித்தோம். மண்டபத்தைப் 'பிறகு பார்ப்போம்' என்றோம். ஒரு கிறிஸ்மஸ் விருந்தும், ஆங்கில வகுப்பும், 40 புத்தகப் பையும் கொடுப்பதாகத் தீர்மானித்தோம். கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் பைகளுக்குக் காசு அனுப்பியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்ன வேண்டும் என்று எங்களிடம்தான் கேட்டார்கள். நாங்கள்தான் சொன்னோம்.

23 பெயர்

தொண்டர் வேண்டும் என்று போதகர் பிரசங்கத்தில் சொன்ன அன்று 23 பேர் பெயர் கொடுத்தார்கள். நல்ல பிரசங்கம். மூன்றாம் மாதத்தில் தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் 6 பேர்.

பின்வாங்கியவர்கள் சொன்ன காரணம் பெற்றோல். அது பொய்யில்லை. எரிபொருளைப் பங்கிட்ட கியூஆர் முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர்தான் அப்போது. தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கிழமையில் இரண்டு தரம் வந்துபோனால் பிள்ளைகளை டியூஷனுக்குக் கூட்டிப்போக மிச்சமிருக்காது. ஆனால் நின்ற ஆறு பேரில் ஐந்து பேர் பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதைக் கவனிக்க எனக்கு அதிக நாள் எடுத்தது. கணிதம் சொல்லிக்கொடுத்தவர் வெள்ளவத்தையில் இருந்து 155 ஆம் இலக்க பஸ்ஸில் வருவார். அலுவலகம் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வியர்த்து விறுவிறுத்து ஐந்தேகாலுக்கு நுழைவார். பையன்களும் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். ஒருநாள் வீதி மறியலில் அவர் வர ஏழு மணியாகிவிட்டது. ஒருவனும் எழுந்து போகவில்லை. "சேர் பஸ்ஸில மாட்டிக்கிட்டாரு" என்று அவர்களே எனக்குச் சமாதானம் சொன்னார்கள். காரில் வருகிற ஒருவர் தாமதித்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்களா தெரியாது.

ஆங்கில வகுப்பு ஆறு கிழமையில் நின்றது. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

சாவி

மண்டபம் ஒருவழியாகக் கிடைத்தது, புதனும் வெள்ளியும். உடனே சாவிப் பிரச்சினை. சபைகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், சாவி என்பது வெறும் சாவியில்லை. அமைப்புக்கு ஒரு சாவி கொடுக்க மாட்டோம், காவற்காரர் வந்து திறப்பார் என்று முடிவு. காவற்காரருக்கு மாலையில் வேறொரு வேலை இருந்தது. நாலரைக்கு வந்த பிள்ளைகள் ஐந்தரை வரை மதிலோரம் நிற்பார்கள். மதிலோரம் பையன்கள் கூடி நிற்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார். முறைப்பாடு வந்ததைக் காட்டி, 'பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னோம்' என்று செயற்குழுவில் ஒருவர் எழும்புவார். இந்தச் சக்கரம் நான்கு மாதம் சுற்றியது.

பொருளாளரின் கவலை வேறு. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். மண்டபத்தில் 14 மின்விசிறி. அவர் ஒவ்வொரு வெள்ளியும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் குறித்தார். எல்லோரும் அவரைக் கஞ்சன் என்றோம். கடைசியில் அந்தக் கொப்பிதான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு மாதத்து வகுப்புகளுக்கு ஆன மின்சாரத்தைவிட ஒரேயொரு கலியாண வரவேற்புக்கு ஆனது அதிகம் என்று அவரே வாசித்துக் காட்டினார். சரி, அதற்குப் பிறகு மின்சாரப் பேச்சு எழவில்லை.

பையைச் சோதிக்கிற விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு எங்கள் கேட்டில் வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது வழக்கம். அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை ஆலயம் எங்களுக்குத் தூரமில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் அன்று இறந்துபோன ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை நினைக்காமல் எங்கள் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிய தாய் எங்கள் சபையில் இல்லை. இந்தப் பயத்தை யாரும் லேசாகப் பேசக்கூடாது. ஆனால் கிழமை நாட்களில் கேட்டில் நின்றவர் எல்லாப் பையையும் பார்க்கவில்லை. தெரிந்த முகங்களை விட்டுவிட்டு, ஒரு முஸ்லிம் பையனின் பையை மட்டும் மூன்று தரம் தொடர்ந்து பார்த்திருக்கிறார். மூன்றாம் தரம் அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினானாம். ஒரு சார்ஜர், ஒரு கணிதக் கொப்பி, ஒரு துவாய். அதற்குப்பிறகு இரண்டு கிழமை அவன் வரவில்லை.

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் கோபப்படவில்லை. "அக்கா, செக் பண்ணுங்க. எல்லாரையும் பண்ணுங்க, இல்லாட்டி ஒருத்தரையும் பண்ணாதீங்க" என்றார். அடுத்த புதனிலிருந்து கேட்டில் ஒரு மேசை. பிள்ளைகளில் இருவர் முறைவைத்து உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதிப் பையைப் பார்த்தார்கள். போதகரின் பையையும் பார்த்தார்கள், பொருளாளரின் மீற்றர் கொப்பி இருந்த பையையும் பார்த்தார்கள். அந்தப் பையன் திரும்பி வந்தான். அவன் மேசையில் உட்கார்ந்த முதல் நாள் என் கைப்பையை மிக நிதானமாக, ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். பார்க்கட்டும் என்று நின்றேன்.

ஒரு படம், ஓர் ஒப்பந்தம்

கிறிஸ்மஸ் விருந்தில் எடுத்த படங்களைத் தொண்டர் ஒருவர் பேஸ்புக்கில் போட்டார். பை வாங்கும் கைகள், கேக் தின்னும் வாய்கள். கீழே 'ஏழைப் பிள்ளைகளின் முகத்தில் புன்னகை' என்று ஒரு வரி. படத்தில் இருந்த பெண்பிள்ளை ஒருத்தி அடுத்த நாள் பாடசாலையில் என்ன பேச்சுக் கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். அவள் அப்பா ஒரு கடையில் காசாளர். தாங்கள் ஏழை என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அமைப்பு எல்லா வேலையையும் நிறுத்தியது. ஒரு மாதம் மண்டபம் மறுபடி பூட்டு. படம் போட்டவர் நல்ல மனதோடுதான் போட்டார் என்று சபையில் பலர் வாதாடினார்கள். அவர் மனதைப் பற்றி எனக்கும் சந்தேகமில்லை. அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன பிரயோசனம்?

அந்த மாதத்தில்தான் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதப்பட்டது. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். படம் எடுப்பது அமைப்பின் அனுமதியோடு மட்டும். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தனியாக வட்ஸ்அப் செய்தி அனுப்பக்கூடாது. சந்தேகப்படும்படி ஏதும் நடந்தால் சபைக்குள் பேசி முடிக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். 1998 இல் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அதிகார சபை அது. அந்த இலக்கம் எங்கள் அறிவித்தல் பலகையில் அதுவரை இருந்ததில்லை.

கடைசியாக, தொண்டர் ஒவ்வொருவரும் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்க வேண்டும். இதில்தான் வெடித்தது. "நாப்பது வருஷமா இந்தச் சபையில இருக்கிறன். என்னட்டயா பொலிஸ் ரிப்போர்ட் கேக்கிறீங்க?" என்று ஒரு மூப்பர் எழுந்தே போய்விட்டார். போதகர் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை தன்னுடைய ரிப்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அதன் பிரதியை அறிவித்தல் பலகையில் 1929 க்குப் பக்கத்தில் குத்திவிட்டார். மூப்பரும் பிறகு எடுத்தார். அதைப்பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மதம் பற்றிய பிரிவு ஒரே வரி: மண்டபத்துக்குள் பிரசங்கமும் இல்லை, துண்டுப்பிரசுரமும் இல்லை. வருகிற பிள்ளைகளில் சைவர், முஸ்லிம், கத்தோலிக்கர், பௌத்தர் எல்லோரும் உண்டு. பலவந்த மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று 2004 இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் வரவில்லை, சந்தேகமும் போகவில்லை. சோற்றைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஒரு தோட்டத்தில் எழுந்தால் அமைப்பின் பல வருட வேலை ஒரே கிழமையில் போய்விடும். 'அப்படியென்றால் நாங்கள் எதற்கு சபை?' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு இதுவரை திருப்தியான பதில் இல்லை. புதன்கிழமை கதவைத் திறப்பதும் ஊழியம்தான் என்று நான் நம்புகிறேன். எல்லோரும் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

போம் நிரப்பத் தெரிந்த ஆள்

இனி அந்த மூன்றாவது வரிக்கு வருகிறேன். இந்த முழு ஆய்வையும் இதற்காகவே எழுதலாம்.

ஒரு பையனுக்கு 17 வயது. குளிரூட்டி திருத்தும் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. முடித்தால் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். சேரப் போனால் தேசிய அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை. சட்டப்படி 15 வயதில் எடுத்திருக்க வேண்டும். 2016 இல் சட்டம் திருத்தப்படும்வரை அது 16. பாடசாலையில் இருக்கிற பிள்ளைக்கு அதிபர் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார். 14 வயதில் பாடசாலையை விட்டவனுக்கு அதிபர் ஏது? அவன் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அவர் கையொப்பமிட்டு, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி, பதிவுசெய்த ஸ்டூடியோவில் படம் எடுத்து, பிறகுதான் பத்தரமுல்லையில் இருக்கும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். இதற்கெல்லாம் முதல் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது வீட்டில் இல்லை, வெள்ளத்தோடு போய்விட்டது.

இப்படி ஒருவனல்ல. அட்டை இல்லாவிட்டால் பரீட்சை மண்டபத்தில் சிக்கல், வங்கிக் கணக்கில் சிக்கல். 18 வந்ததும் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்து டெலிவரிக்குப் போகலாம் என்ற கனவிலும் மண். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் பொலிஸ் தேடுதல் தொடங்கியபின் இருட்டியதும் வெளியே இறங்கவே அட்டையில்லாத பையன்கள் பயந்தார்கள். நாங்கள் இவர்களுக்கு 'குட் மோர்னிங், ஹவ் ஆர் யூ' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் சபையில் ஓர் அங்கிள் இருக்கிறார். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இலிகிதராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து பென்சன் எடுத்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த 23 பேரில் அவர் இல்லை. "எனக்கு கணக்குப் படிப்பிக்கவும் தெரியாது, பாட்டுப் படிப்பிக்கவும் தெரியாது. எனக்கென்ன வேலை அங்க?" என்று கேட்டவர். ஒரு ஞாயிறு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு அந்தப் பையனின் கதையை நான் புலம்பியபோது குறுக்கிட்டார். "பேர்த் சேர்ட்டிபிக்கட் தொலைஞ்சா என்ன? பதிவு தொலையாதே. எந்த ஆஸ்பத்திரியில பிறந்தவன்?" தட்டை வைத்துவிட்டு என் பேனாவை வாங்கி, பலகாரப் பட்டியலின் பின்பக்கத்தில் ஐந்து படிகள் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. அப்புறம் அது நிற்கவே இல்லை.

அவர் மேசையில் நான் கற்றவை பல. பதிவு இருக்கிறதா என்று முதலில் தேடச்சொல்ல வேண்டும். பதிவே இல்லை என்று தேடுதல் அறிக்கை வந்தால்தான் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வழி. பதிவாளர் பிரிவு எது என்று தெரியாவிட்டால் பிறந்த ஆஸ்பத்திரியைக் கேள். மூலப் பிரதியைக் கையிலேயே வைத்திரு, கேட்டாலொழியக் கொடுக்காதே. கறுப்பு மையில் எழுது. ஒவ்வொரு தாளையும் இரண்டு போட்டோகொபி எடு. அலுவலகத்தில் 'நாளைக்கு வாங்க' என்றால் சண்டை பிடிக்காதே. சொன்னவரின் பெயரையும் மேசை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு வா. நாளைக்கு அதே மேசைக்குப் போ.

பெயர்தான் பெரும் தலைவலி. சிங்கள எழுத்தில் ழகரம் இல்லை. சிங்களத்தில் பதியப்பட்ட தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பித் தமிழுக்கு வரும்போது வேறோர் ஆளாக வந்து நிற்கும். தந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, விவாகச் சான்றிதழில் ஒன்று, வாக்காளர் இடாப்பில் ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். எங்கள் சபையில் அதில் கையொப்பமிடக்கூடிய சமாதான நீதவான்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் அந்தப் பட்டத்தைக் கலியாண அழைப்பிதழில் போடுவதைத் தவிர வேறெதற்கும் பாவித்ததாக எனக்கு ஞாபகமில்லை. இப்போது சனிக்கிழமைகளில் முத்திரையோடு வந்து உட்கார்கிறார். நல்ல மனிதர். யாரும் கேட்காததால்தான் சும்மா இருந்திருக்கிறார்.

தோட்டங்களில் உள்ள குடும்பங்களில் பல மலையகத்திலிருந்து இறங்கி வந்தவை. பாட்டியின் கடதாசியில் தொடங்கும் சிக்கல் பேத்தியின் கடதாசி வரை வரும். 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இந்திய வம்சாவளி மக்களின் வழிவந்தவர்கள் இவர்கள். குடியுரிமை வழங்கிய 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு சட்டத்தில் அந்தக் கதை முடிந்தது. றங்குப் பெட்டிக்குள் முடியவில்லை. ஓர் அம்மா தன் தாயின் பழைய கடதாசியைப் பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து அங்கிளின் முன் வைத்தார். அது இனித் தேவையில்லை என்று அங்கிள் எவ்வளவு சொல்லியும் அந்த அம்மா நம்பவில்லை. மறுபடி அதேபோல் சுற்றி எடுத்துப்போனார்.

இன்னொன்று மனதைக் கஷ்டப்படுத்தியது. பழைய பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தில் 'பெற்றோர் விவாகமானவர்களா?' என்று ஒரு நிரல் உண்டு. அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு தாளை நீட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் நாட்களில் எங்கள் தொண்டர் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு மேசையை ஜன்னலோரம் தள்ளி, ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று வைத்தோம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆறடி தள்ளி ஒரு வாங்கு போட்டோம். இதை எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

குளிரூட்டிப் பையனுக்கு அட்டை கிடைக்கும்போது அந்தப் பயிற்சி தொடங்கி முடிந்துவிட்டது. அடுத்த தொகுதிக்குக் காத்திருந்து சேர்ந்தான். காத்திருக்க முடியாமல் துறைமுகப் பக்கம் லொறியில் ஏறிப்போன வேறு இருவர் திரும்பி வரவில்லை. அட்டை மட்டும் அங்கிளின் மேசை லாச்சியில் சில மாதம் கிடந்தது. ஒருவனின் தாய் வந்து வாங்கிப் போனார். மற்றது இன்னும் இருக்கிறது.

வந்தது, வராதது

அங்கிளின் கொப்பியில் பெயர்கள் இப்போது நாலாவது பக்கத்தைத் தாண்டிவிட்டன. கணித வகுப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சிலர் இரண்டாம் தரம் எழுதிச் சித்தியடைந்தார்கள். சிலர் மூன்றாம் தரமும் எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்பில் விட்ட பின்னத்தைப் பதினேழு வயதில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலத்தில் பிடிக்க முடியாது என்பது சேருக்கும் தெரியும், பையன்களுக்கும் தெரியும். இருந்தும் வருகிறார்கள். அவர்கள் கணிதத்துக்காக மட்டும் வருவதில்லை என்றும் நினைக்கிறேன்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் தோற்றோம் என்றுதான் எழுத வேண்டும். ஏழு மணிக்கு வகுப்பு விட்டால் இருட்டு. வீட்டில் விடமாட்டார்கள். வீட்டில் சின்னவர்களுக்குச் சோறு கொடுப்பதும் அவர்கள்தான். சனிக்கிழமை மேசைக்கு வருகிறார்கள், கடதாசி வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். இதை அமைப்பு முதல் மாதமே சொன்னது. நேரத்தை மாற்றினால் காவற்காரரின் நேரம் இடிக்கும், பாடகர் குழுவின் பயிற்சி இடிக்கும் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம்.

அங்கிளுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை நடந்தது. அந்த இரண்டு மாதம் மேசையில் யார் உட்காருவது என்று நான் தவித்தேன். தேவையிருக்கவில்லை. அவரிடம் அட்டை எடுத்த ஒரு பெண்பிள்ளை, படிவம் படிவமாகப் பார்த்துப் பழகியவள், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வராத சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலகங்களுக்கும் கூடப் போனாள். கிராம உத்தியோகத்தர் இப்போது அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறாராம். அங்கிள் திரும்பி வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்கிறார். அவள் நிரப்பியதை வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒருதரம் பார்த்துத் தலையாட்டுவது அவர் வேலை.

கையொப்பமிட்ட போதகர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வந்திருக்கிறார், நல்லவராகத்தான் தெரிகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் போன மாதம் மறுபடி கொப்பித் தாளில் மூன்று வரி எழுதித் தந்திருக்கிறார். ஒன்று, பெண்பிள்ளைகளுக்காக ஞாயிறு பிற்பகல் இரண்டு முதல் நாலரை வரை மண்டபம். இரண்டு, சனிக்கிழமை மேசைக்கு ஒரு பழைய கணினியும் பிரிண்டரும். மூன்று, ஒரு சாவி.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பதிலும் இன்னும் எழுதவில்லை. வருகிற செயற்குழுக் கூட்டத்தில் அது நாலாவது விடயம், கூரை ஒழுக்குக்கு அடுத்ததாக.